குழந்தை வளர்ப்பு இதழ்கள் எங்கே போயின? டெல்டா வீடுகளில் அந்த இடத்தைப் பிடித்தது யார்?

ஆறு மாதக் குழந்தைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு ஜுரம். உரை மருந்து கொடுத்தால் சரியாகும் என்கிறார் பாட்டி. அம்மா செல்போனில் தேடுகிறார். திரையில் பத்து வீடியோ வந்து நிற்கிறது. அதில் எது டாக்டர் சொன்னது, எது விளம்பரம், எது யாரோ ஒருவரின் சொந்த வைத்தியம் என்று பிரித்துப் பார்க்க அந்த நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது.

25 வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் இன்னொரு குரலும் இருந்தது. அலமாரியில் அடுக்கி வைத்த பெண்கள் இதழ்களில் குழந்தை நல மருத்துவர் பதில் சொல்லும் பக்கம்தான் அது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என டெல்டா முழுக்கப் படிப்பு வாசனை உள்ள வீடுகளில் அந்தப் பக்கத்துக்குத் தனி மரியாதை இருந்தது. இன்று அந்தப் பக்கங்களைச் சுமந்து வந்த பல இதழ்கள் அச்சில் இல்லை. அவை எப்படி வந்தன, ஏன் போயின, போனதால் என்ன நஷ்டம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உலக அளவில் எப்போது ஆரம்பித்தது?

பெற்றோருக்கென்றே ஒரு பத்திரிகை என்பதற்கு மிகப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் ‘பேரன்ட்ஸ்’. ஜார்ஜ் ஹெக்ட் என்பவர் 1926 அக்டோபரில் ‘சில்ட்ரன்: தி மேகஸின் ஃபார் பேரன்ட்ஸ்’ என்ற பெயரில் அதைத் தொடங்கினார். 1929-ல் ‘பேரன்ட்ஸ்’ என்று பெயர் மாறியது. ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறக்கட்டளை ஒன்று பணம் கொடுத்தது. கொலம்பியா, யேல் போன்ற பல்கலைக்கழகங்களுக்கும் அதில் பங்கு இருந்தது.

அன்றைய யோசனை எளிமையானது. குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சிக்கூடத்தில் தெரிந்துகொண்டதை, சமையலறையில் நிற்கும் அம்மாவுக்குப் புரியும் மொழியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குடிபோன இளம் தம்பதிகளுக்குக் கூடவே இருந்து சொல்லித்தர மாமியாரோ அம்மாவோ இல்லை. அந்தக் காலியிடத்தில் பத்திரிகை வந்து உட்கார்ந்தது.

ஏறக்குறைய 96 ஆண்டுகள் அது ஓடியது. நடுவில் பலமுறை கைமாறியது. 2005-ல் மெரிடித் நிறுவனம் அதையும் வேறு சில பெண்கள் இதழ்களையும் சேர்த்து 35 கோடி டாலருக்கு வாங்கியது. 2021-ல் மெரிடித்தையே டாட்டாஷ் என்ற இணைய நிறுவனம் வாங்கியது. 2022 பிப்ரவரியில் ‘பேரன்ட்ஸ்’ உட்பட 6 இதழ்களின் அச்சுப் பதிப்பு நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. சுமார் 200 பேருக்கு வேலை போனது. ‘பேரன்ட்ஸ்’ இப்போது இணையதளமாக மட்டும் இருக்கிறது.

அதற்கு முன்பே மற்றவை விழத் தொடங்கிவிட்டன. டிஸ்னி 2006-ல் கொண்டுவந்த ‘ஒண்டர்டைம்’ 2009-ல் மூடப்பட்டது. அதே ஆண்டில் ‘குக்கி’ போனது. 1987-ல் தொடங்கிய ‘பேரன்டிங்’ இதழும், 1935-லிருந்து வந்துகொண்டிருந்த ‘பேபிடாக்’ இதழும் 2013-ல் நின்றன.

தமிழில் நடந்தது என்ன?

தமிழில் கதை கொஞ்சம் வேறு மாதிரி. பெற்றோருக்கென்று தனிப் பத்திரிகை வெகு தாமதமாகத்தான் வந்தது. அதற்கு முன் ரொம்பக் காலம் குழந்தை வளர்ப்பு என்பது பெண்கள் இதழுக்குள் ஒரு பகுதி, சிறுவர் இதழுக்குப் பின்னால் நிற்கும் ஒரு நிழல். அவ்வளவுதான்.

வை.மு.கோதைநாயகி 1925-ல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். ஒரு பெண்ணே ஆசிரியராக இருந்து நாவலும் குடும்ப விஷயமும் சேர்த்துக் கொடுத்த இதழ் அது. அவரை எழுத ஊக்குவித்தவர்களில் ஒருவர் மன்னார்குடிப் பக்கத்து வடுவூரைச் சேர்ந்த நாவலாசிரியர் துரைசாமி அய்யங்கார்.

அடுத்து வந்த இரண்டு பெரிய பத்திரிகைக் குடும்பங்களுக்கும் வேர் காவிரிக் கரைதான். 1928-ல் ‘ஆனந்த விகட’னை வாங்கிய எஸ்.எஸ்.வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். அவரிடம் ஆசிரியராக இருந்துவிட்டு 1941-ல் சதாசிவத்தோடு சேர்ந்து ‘கல்கி’யைத் தொடங்கிய ரா.கிருஷ்ணமூர்த்தி, மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். சென்னையில் அச்சான பத்திரிகைகள்தான். ஆனால் அதில் பேசிய குடும்பம் பெரும்பாலும் தஞ்சை ஜில்லாக் குடும்பமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இரண்டு குழுமங்களிலிருந்தும் பின்னால் தனித்தனி இதழ்கள் பிரிந்தன. கல்கி குழுமத்தில் 1972-ல் சிறுவர்களுக்காக ‘கோகுலம்’ வந்தது. குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பா அதன் ஆசிரியராக இருந்தார். பெண்களுக்கு ‘மங்கையர் மலர்’ வந்தது. விகடன் குழுமம் தொண்ணூறுகளின் கடைசியில் ‘அவள் விகட’னையும் ‘சுட்டி விகட’னையும் கொண்டுவந்தது. அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று ஒரே வீட்டில் இரண்டு இதழ் விற்ற காலம் அது.

பெற்றோருக்கென்றே தனி மாத இதழ் என்ற முயற்சி இந்த நூற்றாண்டில்தான் பெரிதாக நடந்தது. சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் ‘பேரன்ட் சர்க்கிள்’, தமிழில் ‘செல்லமே’ என்று ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு இதழ்கள் வந்தன. வழவழ தாள், வயது வாரியாகக் கட்டுரை, மனநல ஆலோசகர் பத்தி என்று முழுக்க முழுக்கப் பெற்றோரை மட்டும் பார்த்துப் பேசிய இதழ்கள் அவை. ஆனால் அவை வந்து நின்ற நேரத்தில் ஸ்மார்ட்போனும் கடைக்கு வந்துவிட்டது.

அந்தப் பக்கங்கள் செய்த வேலை என்ன?

மாமியாருக்கும் டாக்டருக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணுவதுதான் இந்தப் பக்கங்களின் முதல் வேலை.

டெல்டாவில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தொட்டு வைப்பார்கள். வசம்பும் ஜாதிக்காயும் உரைத்துக் கொடுப்பார்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது என்கிறது இன்றைய மருத்துவம். இதை மருமகள் தன் வாயால் சொன்னால் வீட்டில் சண்டை. அதையே புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று காட்டினால் அதற்கு ஒரு எடை இருந்தது. அச்சடித்த எழுத்துக்கு இருந்த மரியாதை அந்த இளம் தாய்க்குக் கேடயமாக இருந்தது.

இரண்டாவது வேலை வடிகட்டுவது. எழுதியவர் பெயர், படிப்பு, வேலை பார்க்கும் இடம் எல்லாம் பத்தியின் தலையிலேயே இருக்கும். தப்பாக ஒன்று வந்துவிட்டால் அடுத்த இதழில் டாக்டர்களிடமிருந்தே கடிதம் வரும். ஆசிரியர் என்று ஒரு ஆள், முகவரி என்று ஒன்று, கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இருந்தது.

மூன்றாவது, ஒரே இதழ் பல கை மாறியது. பக்கத்து வீடு, நூலகம், டாக்டர் கிளினிக்கின் பெஞ்சு என்று ஒரு பிரதியைப் பலர் படித்தார்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே விஷயத்தைப் படித்துவிட்டுப் பேச முடிந்தது. இன்று ஒரே வீட்டில் அம்மாவின் போனுக்கு வருவதும் அப்பாவின் போனுக்கு வருவதும் வேறு வேறு.

எல்லோருக்கும் பேசினவா?

இல்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நடவுக்குப் போகும் பெண், வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வயலில் இறங்குகிறார். குறுவை, சம்பா, தாளடி என்று வேலை வரும்போது அவருக்கு ‘மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை’ என்ற அட்டவணை பொருந்தாது. அவர் கையில் இந்த இதழ் போகவும் இல்லை, அவர் வாழ்க்கை இந்த இதழுக்குள் அதிகம் வரவும் இல்லை. அட்டையில் சிரித்த குழந்தை பெரும்பாலும் நகரத்து நடுத்தர வீட்டுக் குழந்தைதான்.

ஊருக்கே உரிய ஆபத்துகளும் பெரிதாக இடம்பெறவில்லை. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பு. தண்ணீர் கல்லணையைத் தாண்டி ஆறு, வாய்க்கால், குளம் என்று பாய்ந்துவிட்டால் டெல்டாவில் குழந்தை வைத்திருப்பவர்களின் முதல் கவலை தண்ணீர்தான். வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பூச்சிமருந்து டப்பா, அறுவடை நேரத்துப் பாம்பு எல்லாம் இந்த மண்ணின் குழந்தை வளர்ப்பு விஷயங்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகுதான், பள்ளிக்கூடக் கூரை என்ன, படிக்கட்டு எத்தனை என்று கேட்பதும் பெற்றோரின் வேலை என்பது தமிழ்நாட்டுக்கே உறைத்தது. சென்னையில் உட்கார்ந்து தயாரிக்கும் மாத இதழுக்கு இந்த நுணுக்கம் எளிதில் கைவராது.

காசு எங்கிருந்து வந்தது?

இதழ்கள் விழுந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி முக்கியம். அட்டையில் போட்ட விலை எந்தக் காலத்திலும் அச்சுச் செலவுக்கே போதாது. விளம்பரம்தான் சோறு போட்டது.

அமெரிக்க இதழ்களில் பால் பவுடர், குழந்தை உணவு, டயபர் விளம்பரங்கள் பெரிய வருமானம். இந்தியாவில் அந்தக் கதவில் பாதி சட்டப்படியே பூட்டியிருக்கிறது. 1992-ல் இயற்றப்பட்டு 2003-ல் கடுமையாக்கப்பட்ட சட்டம், 2 வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடர், டின் உணவு, பால் புட்டி ஆகியவற்றுக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. தாய்ப்பாலைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம் இது. அதே நேரம், குழந்தை வளர்ப்பு இதழ் ஒன்றுக்கு இயல்பாக வரக்கூடிய பெரிய விளம்பரதாரர்கள் இங்கே முதலிலிருந்தே கிடையாது என்பதும் உண்மை. மிச்சம் இருந்தது சோப்பு, சத்து பானம், டயபர், பள்ளிக்கூடம். இவர்களுக்கு டிவி இருந்தது, பின்னால் இன்டர்நெட்டும் வந்தது.

இன்னொரு சிக்கல் இந்த வகை இதழுக்கே உரியது. சினிமாப் பத்திரிகை வாசகர் முப்பது வருஷம் கூட வருவார். குழந்தை வளர்ப்பு இதழின் வாசகரோ பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் போய்விடுவார். ஆகவே ஒவ்வொரு வருஷமும் புது வாசகரைப் பிடிக்க வேண்டும். அந்தப் புது வாசகர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். மக்கள்தொகை குறையாமல் நிற்கத் தேவையான 2.1-ஐவிட இது குறைவு.

விழுந்தது எப்படி?

ஒரே நாளில் விழவில்லை. மூன்று அடி அடுத்தடுத்து விழுந்தது.

முதல் அடி 2016 செப்டம்பரில். ஜியோ வந்து டேட்டா விலை தரைக்கு இறங்கியது. மாதக் கடைசியில் வரும் பதிலுக்குக் காத்திருந்த அம்மாவுக்கு அடுத்த நிமிடமே பதில் கிடைத்தது. தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்பட்டவருக்கும் வீடியோ புரிந்தது. இதை வெறும் இழப்பாகப் பார்க்க முடியாது. இதழ் ஒருநாளும் எட்டாத வீடுகளுக்கெல்லாம் போன் எட்டியது.

இரண்டாவது அடி தாள். 2019 ஜூலை பட்ஜெட்டில் செய்தித்தாளுக்கும் இதழ்களுக்குமான இறக்குமதித் தாள் மீது 10 சதவீத சுங்க வரி போடப்பட்டது. 2020 பிப்ரவரியில் அது 5 சதவீதமாகக் குறைந்தாலும், விளம்பரம் சுருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இது கூடுதல் சுமை.

மூன்றாவது அடி கொரோனா. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ரயில் நின்றது, பஸ் நின்றது, கடை மூடியது. சென்னையிலிருந்து கட்டுக்கட்டாகத் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் வந்து ஏஜென்ட் கைக்குப் போகும் சங்கிலியே அறுந்தது. அந்த ஆண்டில் ‘கல்கி’யும் ‘மங்கையர் மல’ரும் அச்சை விட்டு இணையத்துக்குப் போயின. ‘கோகுலம்’, ‘சுட்டி விகடன்’ இரண்டும் இன்று அச்சில் இல்லை. ‘அவள் விகடன்’ போன்ற சில மட்டும் தாக்குப்பிடித்து நிற்கின்றன.

காலியான இடத்தில் யார்?

முதலில் கடைகள். குழந்தைப் பொருட்கள் விற்கும் செயலிகள் கூடவே குழந்தை வளர்ப்புக் கட்டுரைகளையும் தருகின்றன. 2010-ல் புனேயில் தொடங்கி 2024 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்த ஃபர்ஸ்ட்கிரை இதற்குப் பெரிய உதாரணம். அந்தக் காலத்து இதழில் கட்டுரைக்குப் பக்கத்தில் விளம்பரம் இருந்தது. இப்போது கடைக்குள்ளேயே கட்டுரை இருக்கிறது. தகவல் தப்பு என்று சொல்வதற்கில்லை. ஆனால் ‘இந்தப் பொருளே உங்களுக்குத் தேவையில்லை’ என்று சொல்ல ஒரு கடைக்கு என்ன அவசரம்?

இரண்டாவது, வாட்ஸ்அப். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஊசி போடுவதாகத் திட்டம். முதல் கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஊசி ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பெற்றோர் பலர் தயங்கினார்கள். சுகாதாரத் துறை மறுப்பு மேல் மறுப்பு சொல்லி, முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது.

2018 ஜூலையில் திருப்பூரில் இன்னும் மோசமானது நடந்தது. இணையத்தில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு பெண் ரத்தப்போக்கால் இறந்தார். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு தம்பதி வீட்டிலேயே பிரசவம் பார்த்தது செய்தியானது. அவர்கள் வழிகாட்டுதல் பெற்றதாகச் சொல்லப்பட்டது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து. அந்தத் தாயும் சேயும் தப்பித்தது அதிர்ஷ்டம்.

மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதத்தைத் தாண்டிவிட்ட மாநிலம் இது. அங்கேயே இப்படி நடக்கிறது என்றால் பிரச்சினை படிப்பறிவு இல்லாதது அல்ல. மருத்துவமனை மீதான பயம், சிசேரியன் பற்றிய சந்தேகம், கேட்ட கேள்விக்கு அவசரமாக வந்த பதில் எல்லாம் சேர்ந்து ஆட்களை அந்தக் குழுக்களுக்குத் தள்ளுகின்றன. 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஏன் இவ்வளவு என்று ஒரு கர்ப்பிணி கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஓர் இடம் இருந்தால் தப்பான இடத்துக்குப் போக மாட்டார்.

டெல்டாவில் மிச்சம் இருப்பது என்ன?

கொஞ்சம் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும்தான் இன்று நேருக்கு நேர் பேசும் குழந்தை வளர்ப்பு ஆலோசகர்கள். அவர்களில் பலருக்கு அந்த ஊர் வாய்க்காலும் தெரியும், வயல் வேலை நேரமும் தெரியும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்காகக் கர்ப்பிணிகள் அவர்களிடம் பதிவு செய்வதால் தொடர்பு ஆரம்பத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் பதிவேடு, ஆன்லைன் என்ட்ரி என்று வேலை குவிந்து கிடக்கும்போது உட்கார்ந்து பேச நேரம் குறைவு.

பிள்ளைகளுக்கு அச்சில் கொடுக்கும் வேலையை அரசு கையில் எடுத்திருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 2022-ல் 4, 5-ஆம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, 6 முதல் 9 வரை ‘தேன்சிட்டு’, ஆசிரியர்களுக்குக் ‘கனவு ஆசிரியர்’ என இதழ்களைத் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987-லிருந்து வந்துகொண்டிருக்கிறது. இந்தப் பட்டியலில் பெற்றோருக்கு மட்டும் இதழ் இல்லை. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும் நாலு பக்கம் போதும். அந்த மாதம் என்ன தடுப்பூசி, மழைக்காலத்தில் என்ன காய்ச்சல், ஆற்றில் தண்ணீர் எப்போது வருகிறது என்று உள்ளூர் டாக்டரும் செவிலியரும் எழுதலாம். சொத்து வரியோடு நூலக வரியும் மக்கள் கட்டுகிறார்கள். ஊர்ப்புற நூலகங்களும் இருக்கின்றன. வழி புதிதாகப் போட வேண்டியதில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, போன் சார்ஜ் இல்லை. கைக்குழந்தையோடு முகாமில் இருந்தவர்களுக்கு அந்த நாட்களில் வீடியோ உதவவில்லை. அச்சில் ஒரு தாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

இப்போதைக்குப் பெற்றோர் என்ன செய்யலாம்?

* உடல்நலச் சந்தேகத்துக்கு 24 மணி நேரமும் 104-ஐ அழைக்கலாம். குழந்தைகளுக்கு எதிரான கொடுமை என்றால் 1098.
* தடுப்பூசி பற்றிய எந்தச் செய்தியையும் ‘ஃபார்வர்டு’ பண்ணுவதற்கு முன் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்பது நல்லது.
* வீடியோவில் பேசுகிறவர் பெயர், படிப்பு, வேலை பார்க்கும் இடம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் ஏதாவது பொருளை வாங்கச் சொல்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.
* 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஜுரம், எந்த வயதிலும் வலிப்பு, மூச்சுத்திணறல், பால் குடிக்க மறுப்பது என்றால் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. 108-ஐ அழைக்க வேண்டும். தஞ்சாவூரில் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் மகப்பேறு, குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன.

இதழ்கள் திரும்பி வருமா? பழைய வடிவத்தில் வர வாய்ப்பு குறைவு. 96 வருஷம் ஓடிய ‘பேரன்ட்ஸ்’ இதழையே அச்சில் காப்பாற்ற முடியவில்லை. தாள் போனதைவிடப் பெரிய கவலை, சொன்னதற்குப் பொறுப்பேற்கும் ஆள் போனது. அடுத்து வருவது செயலியோ, பள்ளிக்கூடப் பையில் வரும் நாலு பக்கமோ, எதுவாக இருந்தாலும் அதன் கீழே பதில் சொல்லக்கூடிய ஒருவரின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பெற்றோர் முதலில் செய்ய வேண்டிய சோதனை.